கீழ்க்குரல்

என் தங்கை நெல்டாவுக்குப் பாட்டே வராது என்று முதலில் சொன்னது அவளுடைய இரண்டாம் வகுப்பு டீச்சர். கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிக்கு ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. பிள்ளைகளை ஒவ்வொருவராக எழுப்பி, எல்லாருக்கும் தெரிந்த ஒரு பாட்டில் ஒரு வரி பாடச் சொல்லியிருக்கிறார். நெல்டா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு பாடினாளாம். வார்த்தையெல்லாம் சரி. தாளமும் சரி. ஆனால் அது அந்தப் பாட்டு இல்லை. ஏறவேண்டிய இடத்தில் ஏறவில்லை, இறங்கவேண்டிய இடத்தில் நின்றுகொண்டே இருந்தது. பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள்.

"கண்ணு, நீ மேடையில வாயை மட்டும் அசைச்சாப் போதும்" என்றார் மிஸ் ஹோல்ட். நல்ல மனுஷிதான். குழந்தையைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் சொன்னார்.

நெல்டா வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் பின்கதவுப் படியில் உட்கார்ந்திருந்தாள். நான் அவளைவிட நான்கு வயது பெரியவள்.

"ஷானா, நான் பாடறது பாட்டே இல்லையாம்."

"எங்கே, பாடு பாக்கலாம்."

பாடினாள். எனக்கு ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை. பழக்கத்தில் நானும் கூடச் சேர்ந்துகொண்டேன். சட்டத்தில் கதவு பொருந்துகிற மாதிரி இரண்டு குரலும் சேர்ந்து நின்றன. இதில் என்ன கோளாறு என்று யோசித்தபடி நான் நிறுத்தினேன். அவள் நிறுத்தாமல் தனியாகப் பாடிக்கொண்டே போனாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவளுக்கு அந்தப் பாட்டின் மெட்டே தெரியாது. எந்தப் பாட்டின் மெட்டும் தெரியாது. நினைவு தெரிந்ததிலிருந்து அவள் பாடியதெல்லாம் என் மெட்டுக்கு ஒத்திசைவாகக் கீழே ஓடுகிற இரண்டாவது குரலைத்தான்.

அதற்குக் காரணம் நாங்கள்தான். அமெரிக்காவில் ஆர்கன்சா மாநிலத்தின் வடக்கு மலைப்பக்கத்தில் எங்கள் ஊர். அங்கே பிக்கெட் குடும்பம் என்றால் சர்ச்சில் பாடுகிற குடும்பம். அப்பா டாய்ல் கோழி லாரி ஓட்டுகிறவர். பண்ணைகளில் இருந்து கூண்டு கூண்டாகக் கோழிகளை ஏற்றிக்கொண்டுபோய்ப் பதப்படுத்தும் ஆலையில் இறக்குவார். வாரம் முழுக்கச் சட்டையில் இறகு ஒட்டியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை குளித்து, கழுத்துப்பட்டை கட்டி நின்றால், கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒரு அடிக்குரல். அம்மா ரனெல் பியானோ. வாய் திறந்து பாடமாட்டாள். கேட்டால், "பத்து விரலும் பாடுது, அது போதாதா?" என்பாள். பாட்டை, அதாவது மெட்டை, பாடுவது நான். ஐந்தாவது ஞாயிறு வருகிற மாதங்களில் சுற்றுவட்டாரச் சர்ச்சுகள் எல்லாம் ஒரே இடத்தில் கூடி நாள்முழுக்கப் பாடுவோம். மத்தியானம் மரத்தடியில் நீள மேசைகள் போட்டு, ஆளாளுக்குக் கொண்டுவந்த வறுத்த கோழியையும் சோளரொட்டியையும் பரப்பிச் சாப்பிடுவோம்.

நெல்டா நான்கு வயதில் என் பக்கத்தில் வந்து நின்று, நான் பாடுவதையே பாட ஆரம்பித்தாள். அப்பா ஒருநாள் சொன்னார்: "ரெண்டு பேரும் ஒரே நாற்காலியில உக்காராதீங்கடி. நெல்டா, நீ வேற நாற்காலி பாரு." யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அடுத்த வாரம் அவளே ஒன்றைப் பார்த்துக்கொண்டாள். எனக்கும் அப்பாவுக்கும் நடுவில் காலியாக இருந்த இடம். அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

அம்மாவுக்கு வேலை எங்கள் பள்ளிக்கூடத்தின் சாப்பாட்டுக்கூடத்தில். மறுநாள் மிஸ் ஹோல்ட் தட்டோடு வரிசையில் வந்தபோது, அம்மா கரண்டியைக் கையில் பிடித்தபடியே சொன்னாளாம்:

"எங்க நெல்டா தப்பாப் பாடலை மிஸ் ஹோல்ட். அவ ரெண்டாவது குரல் பாடினா. பக்கத்துல பாட்டைப் பாட ஆள் இல்லாமப் போச்சு, அவ்வளவுதான்."

"அப்படி ஒண்ணு இருக்கறதே எனக்குத் தோணலையே ரனெல்! சரி, அந்த ஆளையும் சேர்த்து அனுப்பிடுங்க."

அந்தக் கிறிஸ்துமஸுக்கு இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நடுவில், காகிதச் சிறகு கட்டிக்கொண்டு, ஒட்டகச்சிவிங்கி மாதிரி நான் நின்றேன். என் வகுப்புப் பையன்கள் ஈஸ்டர்வரை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

கிட்டார் எங்கள் வீட்டுக்கு வந்தது அப்பாவுக்குத் தெரிந்த ஒரு பண்ணைக்காரர் மூலமாக. அவர் மகன் ராணுவத்துக்குப் போனவன், அங்கேயே கல்யாணம் செய்துகொண்டு வேறு மாநிலத்தில் தங்கிவிட்டான். "சும்மா கட்டிலுக்கடியில கிடக்குது, டாய்ல். உன் பொண்ணுங்க வாசிக்கட்டும்" என்று லாரியில் ஏற்றிவிட்டார். கோழி வாசனையோடு வந்த கிட்டார். நான் ஒரு வாரம் தட்டிப்பார்த்துவிட்டு விரல் வலிக்கிறது என்று விட்டுவிட்டேன். நெல்டா விடவில்லை.

பதினைந்து வயதில் அவளாகவே பாட்டு எழுத ஆரம்பித்தாள். எழுதினாள் என்றால் பாதி எழுதினாள். என் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, வார்த்தைகளைத் தன் கீழ்க்குரலில் பாடுவாள். "இதுக்கு மேல என்ன வரும், ஷானா?" என்பாள். நான் தலை பின்னிக்கொண்டோ, நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டோ மேலே ஏதாவது பாடுவேன். "ஆங், அதுதான்" என்பாள். அப்படித்தான் எங்கள் பாட்டுகள் எல்லாம் உண்டாயின. வீட்டைக் கட்டிவிட்டுப் பிறகு கூரையைத் தேடுகிற மாதிரி.

அதில் ஒன்று அப்பாவைப் பற்றியது. கோழி லாரி போகும்போது கூண்டுகளிலிருந்து வெள்ளை இறகுகள் பறக்கும். கோடைகாலத்தில் நெடுஞ்சாலை ஓரத்தில் அது படிந்து கிடக்கும். சின்னப்பிள்ளையில் நெல்டா அதைப் பனி என்று நினைத்துக்கொண்டிருந்தாள். "ஜூலைப் பனி" என்று அந்தப் பாட்டுக்குப் பெயர் வைத்தாள். ஆற்றங்கரையில் கெளுத்தி மீன் வறுத்துத் தருகிற உணவகம் ஒன்று உண்டு. வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் நாங்கள் இருவரும் அங்கே பாடுவோம். "ஜூலைப் பனி" பாடும்போது கோழிப்பண்ணைக்காரர்கள் முள்கரண்டியைக் கீழே வைத்துவிடுவார்கள். அந்த ஊரில் அதைவிடப் பெரிய மரியாதை இல்லை.

அப்புறம் மாவட்டச் சந்தை. அப்புறம் ஃபேயெட்வில் நகரத்துக் கல்லூரிப் பக்கத்து மதுக்கூடங்கள். பேர் கொஞ்சம் பரவியது. பிக்கெட் சகோதரிகள். ஒரு வானொலிக்காரர் எங்களைக் கூப்பிட்டுப் பேட்டிகூட எடுத்தார்.

எனக்குத்தான் அது பிடிக்கவில்லை. சர்ச்சில் பாடும்போது ஒன்றும் ஆகாது. ஆனால் குடித்துக்கொண்டும் பேசிக்கொண்டும் இருக்கிறவர்கள் முன்னால் ஏற எனக்குப் பயம். ஏறுவதற்கு முன் கழிப்பறையில் போய் வாந்தி எடுத்துவிட்டு, வாய் கொப்பளித்துவிட்டு, சிரித்துக்கொண்டே வந்து நிற்பேன். பல் மருத்துவரிடம் பல் சுத்தம் செய்கிற வேலைக்குப் படித்து முடித்திருந்தேன். மின்கம்பம் ஏறுகிற வேலையில் இருந்த பிராடியோடு நிச்சயமும் ஆகியிருந்தது. எனக்கு வேண்டியது ஒரு வீடு, ஒரு வேலை, ஞாயிற்றுக்கிழமைப் பாட்டு. அவ்வளவுதான்.

ஃபேயெட்வில்லில் இருந்து திரும்பி வருகிற வழியில், வண்டி ஓட்டிக்கொண்டே சொன்னேன். நேரே முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

"நெல்டா, இந்தக் கோடையோட நான் நிறுத்திக்கறேன்."

"எதை?"

"இதை. மேடையில பாடறதை."

"சரி" என்றாள். கோபம் இல்லை, அழுகை இல்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வைக்கோல் உருளைகள் கிடந்த வயல்கள், ஒரு பெட்ரோல் நிலையம், ஒரு பாலம் எல்லாம் போயின. ரொம்ப தூரத்துக்குப் பிறகு கேட்டாள்:

"அப்போ பாட்டை யாரு பாடுவா?"

"நீதான். வேற யாரு?"

"எனக்குப் பாட்டு தெரியாதே, ஷானா."

அதை அவள் வேடிக்கையாகச் சொல்லவில்லை.

நான் நிறுத்தியபின் வந்த முதல் வெள்ளிக்கிழமை மீன் உணவகத்தில் அவள் தனியாகப் பாடியதைப் பார்க்க நானும் பிராடியும் போயிருந்தோம். அவள் என் மெட்டுகளைப் பாடினாள். அவள் குரலுக்கு அது எட்டாத உயரம். எட்டி எட்டிப் பாடினாள், மேல் அலமாரியில் இருக்கிற டப்பாவைக் குதிகாலைத் தூக்கி எடுக்கிற மாதிரி. முடிந்ததும் கைதட்டினார்கள். ஆனால் மேசைக்கு மேசை ஒரே கேள்வி: "அக்கா எங்கேம்மா? உடம்புக்கு முடியலையா?"

"கல்யாண வேலை" என்று பதில் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் என் வீட்டுக்கு வந்து, ஓடிக்கொண்டிருந்த துவைக்கும் இயந்திரத்தின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"உன் சட்டையைப் போட்டுக்கிட்டு நிக்கற மாதிரி இருக்கு. கையெல்லாம் நீளமா தொங்குது."

"கீழே இறக்கிப் பாடிப் பாரேன்."

"இறக்கினேன். அப்பவும் உன் சட்டைதான். சின்ன சைஸ்ல."

 இயந்திரம் சுழன்று நடுங்கியது, அவளும் அதோடு நடுங்கினாள். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். ஆனால் பதில் கிடைக்கவில்லை. அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் மளிகைக்கடையில் வேலை பார்த்தாள். பாட்டைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. கிட்டாரை அம்மா வீட்டுச் சோபாவுக்குப் பின்னால் வைத்துவிட்டாள். அப்பா ஒவ்வொரு நாளும் சோபாவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டுப் போவார் என்று அம்மா சொன்னாள்.

வசந்தத்தில் ஃபேயெட்வில் சதுக்கத்தில் சனிக்கிழமைக் காலைச் சந்தை ஆரம்பித்தது. தக்காளி, தேன், பூச்செடி விற்கிறவர்களுக்கு நடுவில் ஆளாளுக்கு ஒரு மூலையில் நின்று பாடலாம். எப்போதோ பெயர் கொடுத்து வைத்திருந்தாள், கூப்பிட்டுவிட்டார்கள். அன்றைக்குப் பார்த்து அவளுக்குச் சளி. தொண்டை கட்டியிருந்தது.

நான் பல் மருத்துவமனையில் ஒரு விவசாயியின் வாயில் கருவியை வைத்துக்கொண்டிருந்தபோது என் போன் அடித்தது. வழக்கமாக எடுக்கமாட்டேன். அது நெல்டா. குளிர்காலம் முழுக்க அவள் என்னைக் கூப்பிட்டதே இல்லை. விவசாயியிடம் ஒரு நிமிஷம் என்று கை காட்டினேன். அவர் வாயைத் திறந்தபடியே தலையாட்டினார்.

"ஷானா, ஒரு பொம்பளை உன் இடத்துல நின்னா."

"என்ன சொல்றே? மூச்சு விட்டுட்டுப் பேசு."

"மேல பாட முடியலை. தொண்டை சரியில்லை. போகட்டும்னு என் பங்கை மட்டும் பாடினேன். 'ஜூலைப் பனி'. ஆரம்பத்துலேருந்து கடைசிவரைக்கும் என் பங்கு மட்டும். யாருமே பேசலை, ஷானா. தேன் விக்கிறவர் சில்லறை கொடுக்கறதை நிறுத்திட்டாரு. ஒரு பொம்பளை கையில தக்காளிப் பையோட நின்னு மேல முனக ஆரம்பிச்சுட்டா. அவளுக்கே தெரியலை தான் முனகறோம்னு. உன் மெட்டு இல்லை அது. அவளோடது. வேற ஒண்ணு."

"நல்லா இருந்துச்சா?"

"நல்லா இருந்துச்சானு தெரியலை. ஆனா நான் எட்டலை. ஒண்ணுக்கும் எட்டலை. சும்மா நின்னேன்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். விவசாயி இன்னும் வாயைத் திறந்தபடியே இருந்தார். "என் தங்கச்சி பாடினா" என்றேன். அவர் பஞ்சு அடைத்த வாயோடு ஏதோ சொன்னார். நல்ல வார்த்தை என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் "உன் இடத்துல" என்ற வார்த்தை அன்று முழுக்க ஒரு மீன்முள் மாதிரி எங்கேயோ குத்திக்கொண்டே இருந்தது. நான் எழுந்துவந்த நாற்காலிதான். வேறு யாரோ உட்கார்ந்ததில் எனக்கு ஏன் வலிக்கவேண்டும்?

அதற்குப் பிறகு அவள் நிற்கவில்லை. மளிகைக்கடை வேலையைப் பாதி நாளாக்கிக்கொண்டு, அம்மாவின் பழைய வண்டியில் கிளம்பிவிடுவாள். ஸ்பிரிங்ஃபீல்ட், டல்சா, மெம்பிஸ். யாரோ ஒருவர் வீட்டுக் கூடத்தில் நாற்காலி போட்டு அக்கம்பக்கத்தாரைக் கூப்பிடுவார்கள், அங்கே பாடுவாள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளின் அறையிலேயே தூங்குவாள். "நேத்து டைனோசர் போர்வை" என்று காலையில் படம் அனுப்புவாள். ஒரு மதுக்கூடத்தில் அவள் பாடிக்கொண்டிருக்கும்போதே தொலைக்காட்சியில் கால்பந்து ஆட்டத்தைச் சத்தமாக வைத்துவிட்டார்களாம். ஆர்கன்சா அணி ஜெயித்ததும் அவளும் பாட்டை நிறுத்திவிட்டுக் கூடச் சேர்ந்து கத்தினாளாம். அதற்குப் பிறகு எல்லோரும் திரும்பி உட்கார்ந்து கேட்டார்களாம்.

புதுப் பாட்டுகள் வந்தன. அம்மா தலைமுடியின்மேல் கட்டுகிற வலையைப் பற்றி ஒன்று. சாப்பாட்டுக்கூட வேலையில் நாள்முழுக்க அதைக் கட்டியிருந்த தடம் சாயங்காலமும் நெற்றியில் இருக்குமே, அதைப் பற்றி. இனிமேல் யாரும் மேலே கூரை போடத் தேவையில்லாத பாட்டுகள். கேட்கிறவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி சொன்னார்கள்: இந்தப் பொண்ணு பாட்டுல ஏதோ ஒரு இடம் காலியா இருக்கு, அது என்னனு தெரியலை, ஆனா அந்த இடத்துல நாம போய் நிக்கணும்போல இருக்கு.

நாஷ்வில்லில் இருந்து வெஸ் டன்லப் என்பவர் கூப்பிட்டார். பாட்டுப் பதிவு செய்கிறவர். மெம்பிஸில் அவள் பாடியதைக் கேட்டிருக்கிறார். தன் வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகையில் பதிவுக்கூடம் வைத்திருக்கிறார், அங்கே ஒரு முழு ஆல்பம் செய்யலாம் என்றார். ஆல்பத்துக்கு "ஜூலைப் பனி" என்றே பெயர். பாதி முடிந்த நிலையில் நெல்டா எனக்குப் போன் செய்தாள்.

"வெஸ் உன்னைக் கூட்டிட்டு வரச் சொல்றாரு. பழைய வீடியோல நம்ம ரெண்டு பேரும் பாடறதைப் பாத்திருக்காரு. அக்கா குரல் மேல வந்தா எங்கேயோ போயிடும்ங்கறாரு."

"நீ என்ன சொல்றே?"

கொஞ்சம் தயங்கினாள். "வாயேன். உன்னைப் பாத்து நாளாச்சு."

அதற்குள் கல்யாணமாகி எனக்குப் பிறந்திருந்த மகன் கோல்ட்டனை அம்மாவிடம் விட்டுவிட்டுப் போனேன். வெஸ் தாடிக்காரர், செருப்பே போடாதவர். ஒரு கிழட்டு நாய் கொட்டகை முழுக்க அவர் பின்னாலேயே திரியும். யாரும் குடிக்கவில்லை, யாரும் என்னைப் பார்த்துக்கொண்டும் இல்லை. அதனால் நான் கழிப்பறையைத் தேடவில்லை. காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் நெல்டா பாட, இந்தப் பக்கம் நான் மேலே பாடினேன். முதல் தடவையிலேயே எல்லாம் பொருந்தியது. மூச்சு எடுக்கிற இடம்கூட ஒன்று. வெஸ் நாற்காலியிலிருந்து எழுந்து இரண்டு கையையும் தலைமேல் வைத்துக்கொண்டார்.

"ரத்தத்துல இருந்தாத்தான் இப்படி வரும்! இதை யாருக்கும் சொல்லிக்கொடுக்க முடியாது!"

மூன்று பாட்டுக்குப் பாடினேன். நெல்டா, "ரொம்ப அழகா இருக்கு" என்றாள். பிறகு நாய்க்குத் தண்ணீர் வைக்கப் போகிறேன் என்று வெளியே போனாள். நாயின் கிண்ணத்தில் தண்ணீர் நிறையவே இருந்தது.

வெஸ் எனக்கு முழுப் பாட்டையும் திருப்பிப் போட்டுக் காட்டினார். முதலில் நான் வருவதற்கு முன் நெல்டா தனியாகப் பாடியிருந்த பதிவு. அதற்குப் பிறகு நான் சேர்ந்தது. இரண்டையும் மறுபடி போடச் சொன்னேன். மறுபடியும். நான் இல்லாத பதிவில் நெல்டா அறையின் நடுவில் நிற்கிறாள். நான் நுழைந்த மறுகணம், ஒரு அடி பின்னால் போய்விடுகிறாள். குரல் சின்னதாகிவிடுகிறது. சத்தம் குறையவில்லை, ஆனால் யாருக்கோ வழிவிடுகிற குரல். நான்கு வயதிலிருந்து செய்த பழக்கம், என் குரல் கேட்டதும் தானாக வந்துவிட்டது. அவளுக்கே தெரிந்திருக்குமோ என்னவோ. 

"வெஸ், என்னை எடுத்துடுங்க."

"என்னது?"

"என் குரலை. மூணு பாட்டுக்கும் அவ தனியாப் பாடினதையே வைங்க."

"ஏம்மா, நீ பாடினதுதான் இந்த மொத்த ஆல்பத்துலேயே அழகான இடம்!"

"அதான் சொல்றேன். ஜனங்க என்னைக் கேப்பாங்க. அவளைக் கேக்க மாட்டாங்க."

அவர் தாடியைத் தடவிக்கொண்டார். மறுபடி ஒருதரம் போட்டுக் கேட்டார். "அட, ஆமாம்" என்றார் மெதுவாக.

நான் வெளியே போனேன். நெல்டா வேலி ஓரத்தில் நாயோடு உட்கார்ந்திருந்தாள்.

"எடுக்கச் சொல்லிட்டேன்" என்றேன்.

அவள் நிமிரவில்லை. நாயின் காதைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். "உனக்குக் கோபமா?"

"யார் மேல?"

"என் மேல. நான் ஒண்ணும் சொல்லலை ஷானா. சத்தியமா ஒரு வார்த்தை சொல்லலை."

"சொல்லலைதான். தண்ணி இருக்கற கிண்ணத்துல தண்ணி ஊத்தினே."

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "எப்படிச் சொல்றதுனு காலையிலேருந்து யோசிக்கறேன். நீ பாடினா எனக்கு ரொம்ப சுகமா இருக்கு. வீட்டுக்குப் போன மாதிரி இருக்கு. அதான் பிரச்சினையே. வீட்டுக்குப் போயிட்டா நான் எதுக்கு எழுந்திரிக்கணும்?"

பக்கத்தில் உட்கார்ந்து அவள் தோளில் கை போட்டுக்கொண்டேன். நாய் எங்கள் இரண்டு பேர் மடியிலும் பாதிப் பாதியாகப் படுத்தது. மத்தியானம் வெஸ்ஸின் மனைவி காரமான வறுத்த கோழியும் ஊறுகாயும் கொண்டுவந்தாள். மூக்கு ஒழுக ஒழுகச் சாப்பிட்டோம்.

அங்கே நான் நன்றாகத்தான் இருந்தேன். திரும்பி வருகிற வழியில், மிசிசிப்பி ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதும் வண்டியை ஓரம் கட்டி அழுதேன். நான் வேண்டாம் என்று விட்டதுதான். இன்றைக்கும் வேண்டாம். ஆனாலும் அவ்வளவு அழகாக ஒன்றைப் பாடிவிட்டு, அழித்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு வருவது சும்மா இல்லை.

ஆல்பம் வந்தபோது அப்பா அதை லாரியில் போட்டுக் கேட்டார். ஆலை வாசலில் எடை போடுகிற வரிசையில் நின்றபடி எனக்குப் போன் செய்தார். பின்னால் கோழிகளின் சத்தம்.

"ஷானா, நீ எங்கே இருக்கே?"

"வேலையில இருக்கேன்ப்பா."

"அது இல்லை. பாட்டுல எங்கே?"

"பாட்டுல நான் இல்லப்பா. நான் இருந்தா அவ குரல் சரியாக் கேக்காது."

 பாட்டு ஓடிக்கொண்டிருப்பது எனக்குக் கேட்டது. "ஆமா, இந்தப் பொண்ணு இவ்வளவு நாளா எங்கே இருந்தா?" என்றார், தனக்குத்தானே கேட்டுக்கொள்வது போல. பிறகு, "நான் பண்ணைக்காரனுங்க எல்லார்கிட்டேயும் ரெண்டு பொண்ணும் பாடியிருக்குன்னு சொல்லிட்டேனே!" என்றார்.

"ஒண்ணுன்னு மாத்திச் சொல்லிடுங்க."

"அதெல்லாம் முடியாது. பெரியவ ரொம்ப மெதுவாப் பாடியிருக்கா, நல்லாக் காது கொடுத்துக் கேளுங்கடான்னு சொல்லிடறேன்."

சொல்லியும் விட்டார். எங்கள் பக்கத்துப் பண்ணைகளில் இன்றைக்கும் சிலபேர் அந்த ஆல்பத்தில் என் குரலைக் கேட்டதாகச் சொல்கிறார்கள். நான் மறுப்பதில்லை.

ஆல்பம் பிரமாதமாக விற்றது என்றெல்லாம் சொல்லமாட்டேன். ஆனால் வானொலிக்காரர்கள் எடுத்துப் போட்டார்கள். நாஷ்வில்லில் இருந்து வந்த ஒரு பத்திரிகையில் அவள் படம் வந்தது. அம்மா அதைச் சாப்பாட்டுக்கூடத்துச் சுவரில், ஒவ்வாமை எச்சரிக்கைக்குப் பக்கத்தில் ஒட்டினாள். பேர் பெற்ற ஒரு குழு தங்கள் சுற்றுப்பயணத்தில் தங்களுக்கு முன் மேடையேறிப் பாட அவளைச் சேர்த்துக்கொண்டது. இலையுதிர் காலத்தில் அவர்கள் லிட்டில் ராக் நகரத்துக்கு வந்தபோது நாங்கள் எல்லோரும் போனோம். சிவப்பு வெல்வெட் இருக்கைகள் போட்ட பழைய அரங்கம். அப்பா ஞாயிற்றுக்கிழமைக் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு வந்திருந்தார். கோல்ட்டன் பிராடி மடியில்.

விளக்கு அணைந்தது. நெல்டா தனியாக வந்து நின்றாள். கிட்டாரைச் சரிசெய்துகொண்டு, "என் பேரு நெல்டா பிக்கெட். வடக்கே மலையில எங்க ஊர்" என்றாள். கூட்டத்தில் யாரோ மலைக்காரர்கள் விசில் அடித்தார்கள்.

பாட ஆரம்பித்ததும்தான் எனக்கு ஒன்று உறைத்தது. அவளுடைய நான்கு வயதிலிருந்து என் தங்கை பாடுவதைக் கேட்டிருக்கிறேன். சர்ச்சில், சமையலறையில், மீன் உணவகத்தில், வண்டியில். எப்போதும் என் இடது பக்கத்தில் நிற்பாள். இருவரும் எதிரே பார்த்துக்கொண்டு பாடுவோம். அவள் தனியாகப் பாடிய அந்த ஒரே வெள்ளிக்கிழமையும் நான் வெட்கத்தில் தட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பாடும்போது அவள் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியவே தெரியாது.

தெரிந்த முகம்தான், ஆனால் புதுசாக இருந்தது. ஒரு வரி முடிகிற இடத்தில் இடது புருவம் மட்டும் மேலே போகிறது, யாரையோ கேள்வி கேட்கிற மாதிரி. பதில் வந்ததும் இறங்கிவிடுகிறது. கடைசி வரிக்கு முன்னால் உதட்டைக் கடித்துக்கொள்கிறாள், அம்மா பியானோவில் கஷ்டமான இடம் வருவதற்கு முன் கடித்துக்கொள்வதைப் போலவே. நான் பாடவில்லை. முனகக்கூட இல்லை. சுற்றிலும் பலபேர் மெதுவாக முனகிக்கொண்டிருந்தார்கள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். 

முடிந்தபின் பின்கட்டுக்குப் போனோம். நெல்டா வியர்வையோடு ஓடிவந்து கோல்ட்டனைத் தூக்கிக்கொண்டு, என்னைப் பார்த்துக் கேட்டாள்:

"எப்படி இருந்துச்சு? உண்மையைச் சொல்லு."

"பாடும்போது நீ இடது புருவத்தைத் தூக்கறே."

"நிஜமாவா? எப்பவுமா?"

"எனக்கு எப்படித் தெரியும்? இன்னிக்குத்தானே பாக்கறேன்."

அவள் கோல்ட்டனை இடுப்பில் வைத்தபடியே சுவர்க் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்று, ஒரு வரி பாடிப் பார்த்தாள்.

"அட ஆமா!" என்றாள். "ஏன்டீ, இத்தனை வருஷமா யாருமே சொல்லலை?"